கரைப்பேட்டையில் நீந்திய கெண்டை

ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, காவேரிக் கரையில் இருக்கும் கரைப்பேட்டைக்கு 1961-ல் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் நிலையம் வந்தது. வந்தது என்றால், இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் ஒரு கல்வெட்டும் வந்தன. கல்வெட்டில் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ரத்தினவேலின் பெயரைத் தொட்டியைவிட ஆழமாக வெட்டியிருந்தார்கள்.

பம்பு ஓட்ட அரியமங்கலம் பட்டறையில் மோட்டார் வேலை பார்த்த காத்தமுத்துவை வைத்தார்கள். ஓவர்சியர் அவனுக்கு விளக்கினார்: "முதல் தொட்டியில கசடு அடியில தங்கிடும். ரெண்டாவதுல ஆள் உயரத்துக்கு ஜல்லி கொட்டி, அது மேல தண்ணியச் சொட்டச் சொட்ட விடணும். அப்பத்தான் சுத்தமாகும்."

எல்லாம் சரி, ஜல்லிதான் வரவில்லை. அதற்குள் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. மெட்ராஸிலிருந்து பெரிய இன்ஜினீயர் வந்து தண்ணீரைப் பார்ப்பார் என்றும் தகவல் வந்தது. பிரசிடெண்ட் காத்தமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டாவது தொட்டியில ஆத்துத் தண்ணிய நிரப்பிடு. லாரி அனுப்பறேன்."

"அப்ப சாக்கடைத் தண்ணிங்க?"

"அது எங்கய்யா ஓடிப்போகப் போகுது? விழா முடியட்டும்."

காத்தமுத்துவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நிரப்பினான். லாரித் தண்ணீரோடு நாலைந்து கெண்டை மீன்களும் வந்து விழுந்தன.

விழாவன்று இன்ஜினீயர் தொட்டியை எட்டிப் பார்த்து அசந்து போனார். "மீனே உயிரோட இருக்கே!" பிரசிடெண்ட் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது: ஜல்லி இல்லாமலே நிலையம் பிரமாதமாக வேலை செய்கிறது, ஆகவே ஜல்லி தேவையில்லை.

அதன்பிறகு ஊர்ச் சாக்கடை ஒரு தொட்டியில் நுழைந்து மறு தொட்டி வழியாக, வந்த கோலத்திலேயே வாய்க்காலில் இறங்கியது. வாய்க்கால் ஓரத்துத் தெற்குத் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. வெள்ளையம்மாள் தன் இரண்டு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பம்பு ரூமுக்கு வந்தாள்.

"இதுக்குப் பேரு சுத்தமாங்க? உங்க மீனைக் கொண்டாந்து இதுல விட்டுப் பாருங்க."

காத்தமுத்து அன்றே பிரசிடெண்டிடம் போய் ஜல்லி கேட்டான். "மெட்ராஸ்காரனே வேண்டாம்னு எழுதிட்டான். நீ அவனைவிடப் பெரிய ஆளா?" என்று அவர் விரட்டினார்.

அடுத்த வருஷம், புகழ் பரவி, தொட்டியம் ஊரிலிருந்து ஒரு கூட்டம் நிலையத்தைப் பார்க்க வந்தது. அன்று காலையில் பிரசிடெண்ட் மறுபடியும் லாரியை அனுப்பினார். காத்தமுத்து கேட்டைத் திறக்கவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

வந்தவர்களுக்குத் தலைவர் வாழைக்காய் வியாபாரி பாக்கியநாதன். தொட்டிக்குப் பத்தடி தள்ளியே நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "மீன் நீந்துதுன்னாங்களே, எங்க?"

"மீன் லாரியில வந்ததுங்க. இன்னிக்கு லாரியை நான்தான் உள்ள விடலை."

கூட நின்ற பிரசிடெண்ட் இருமினார், கண்ணைக் காட்டினார். காத்தமுத்து ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். பாக்கியநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். ஊருக்குப் போனதும் சிரிக்காமல் மெட்ராஸுக்கு எழுதினார்.

காத்தமுத்துவைச் சந்தைக் குப்பை வண்டிக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் ஜல்லி வந்து இறங்கியது. பம்புக்குப் பிரசிடெண்டின் மச்சான் வந்தார். ஒரே வாரத்தில் மோட்டாரை எரித்தார். கடைசியில் ஓவர்சியர் சந்தைக்கே தேடி வந்து, "மனசுல வச்சுக்காம வாப்பா" என்றார்.

"ஆர்டர் எழுதிக் கொடுங்க, வரேன்" என்றான் காத்தமுத்து. எழுதிக் கொடுத்தார்கள்.

மோட்டாரைச் சரிசெய்து ஓட்டினான். ஜல்லி வழியாக இறங்கி வந்தது ஒன்றும் பன்னீர் இல்லை. ஆனால் அந்த மழைக்காலத்தில் தெற்குத் தெருவில் யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை.