சும்மாவுக்கு அட்டை இல்லை

எனக்குக் குரல் பெரிசு. கோபம் அதைவிடப் பெரிசு. ராயபுரத்தில் எங்கள் சிறப்புப் பள்ளியில் குரலின் தொனியைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பை என் தலையில் கட்டியபோது மற்ற டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். "இங்க வாங்க" என்பதை நான் அன்பாகச் சொல்வேன், கோபமாகச் சொல்வேன், கேலியாகச் சொல்வேன். பிள்ளைகள் அதற்குரிய முகம் வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். புரியவில்லை என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "இது எந்தக் குரலுங்க?"

நித்யஸ்ரீ என் பழைய மாணவி. பத்தொன்பது வயது, ஆட்டிசம் உள்ள பெண். கோபத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். கேலிதான் அவளுக்குப் பிடிபடாது. சிரித்த முகமும் மெல்லிய குரலும் என்றால் அவளுக்கு அது அன்பு. பக்கத்தில் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் தொங்கும் நூல் பிசிறை வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாளாம். அவள் அம்மா பூவாத்தாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள்.

அதே பூவாத்தாள் வெள்ளிக்கிழமை போனில் அழுதாள். "மிஸ், எம்புள்ள ஒரு கட்டுத் துணிய வெட்டிப் போட்டுட்டாளாம். இனி வர வேண்டாம்னுட்டாங்க. அந்த அட்டையக் கழட்டவே மாட்டேங்கறா. ஊட்ல சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கறாளுங்க."

மறுநாள் நித்யஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போனேன். முதலாளி ரத்தினசாமி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. பாவம்னுதானுங்க சேத்துக்கிட்டோம். துணிய வெட்டுனா நாங்க என்னங்க பண்றது?"

பாவமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்கு வெட்டுனான்னு கேட்டீங்களா?"

"அதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

நான் திரும்பினேன். "கண்ணு, எதுக்கு வெட்டுன?"

"சதீஷ்குமார் சார் வெட்டச் சொன்னாருங்க," என்றாள், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

சூப்பர்வைசர் சதீஷ்குமாரைக் கூப்பிட்டார்கள். "பிசிற விட்டுட்டாளுங்க. கோவத்துல ஒரு வார்த்தை சொன்னேன். சின்னப் புள்ளைக்குக் கூடப் புரியுமுங்க."

"கோவத்துல சொல்லலீங்க," என்றாள் நித்யஸ்ரீ. "சிரிச்சுட்டே சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

நானும் சிரிச்சேன் என்றாளே, அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பிசிறு வெட்டும் மேசைக்கே போனேன்; மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். "என்ன சொன்னாரு இவரு? சொல்லுங்க!" என் சத்தத்தில் கத்தரிகள் நின்றன.

வேலாத்தாள் என்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "'அம்மிணி, பிசிறோட எதுக்குங்க நிறுத்தறீங்க, துணியையும் சேத்து வெட்டிப் போடுங்க சாமி'ன்னு கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னாருங்க. தெனமும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாரு."

"அவ ஒவ்வொண்ணா வெட்டுனப்போ ஒருத்தராச்சும் கையப் புடிச்சீங்களா?"

பையிலிருந்து கேலி அட்டையை எடுத்து சதீஷ்குமார் முன்னால் மேசையில் அடித்தேன். "கோவம்னா கோவமாப் பேசுங்க. அது அவளுக்குப் புரியும். அவ நம்பிக்கைய வெச்சு வெளையாடறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

ரத்தினசாமி குறுக்கே வந்தார். "சரிங்க டீச்சர், சத்தம் வேண்டாம். திங்கக்கெழமை வரட்டும். ஆனா இதெல்லாம் நீங்கதான் அந்தப் புள்ளைக்கு நல்லாச் சொல்லிக்குடுக்கோணும்."

"இவளுக்கு நான் சொல்லிக்குடுக்கறேனுங்க. இவருக்கு யாரு சொல்லிக்குடுக்கறது?"

பஸ் ஸ்டாப்பில் நித்யஸ்ரீ என் முகத்தையே பார்த்தாள். "மிஸ், நீங்க கோவமா?"

"ஆமா கண்ணு. உன்மேல இல்ல."

"சதீஷ்குமார் சார் தெனமும் என்கிட்டச் சிரிச்சாரே. அது அன்பு இல்லீங்களா?"

பாவி நான், இதையும் என் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. "இல்ல கண்ணு. கேலி." அவள் கேலி அட்டையை வாங்கி பஸ் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. நான்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். சதீஷ்குமார் என்னைக் கவனிக்கவில்லை. "வாங்க வாங்க! மகாராணி வந்துட்டாங்க. சேர் போடுங்கப்பா," என்றான், அதே கொஞ்சல் குரலில். மேசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யஸ்ரீ அவன் எதிரில் போய் நின்றாள்.

"இது எந்தக் குரலுங்க?"

சிரிப்பு நின்றது. சதீஷ்குமார் அக்கம்பக்கம் பார்த்தான். "சும்மாதான் சொன்னேன்."

"சும்மாவுக்கு அட்டை இல்லீங்க. இது எந்தக் குரலுங்க?"

"சொல்லுங்க சார்," என்றார் வேலாத்தாள். "புள்ள கேக்குதில்ல."

அவன் முகம் சிவந்தது. "கேலி," என்றான், யாருக்கும் கேட்காத மாதிரி. அவளுக்குக் கேட்டது.

"கேலி வேண்டாங்க. வேலையச் சொல்லுங்க," என்று உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள் நித்யஸ்ரீ.