இரு தரப்பும் வந்தால்தான் பூட்டு

மார்ச் பதினான்காம் தேதி, வட்ட நீதிமன்றத்தின் அறிவிப்புப் பலகையில் கௌரவ நீதிபதி பதவிக்கு விண்ணப்பம் கேட்டு ஒரு தாள் ஒட்டப்பட்டது. சம்பளம் இல்லை. சனிக்கிழமைதோறும் வாடகை வழக்குகளை விசாரிக்க வேண்டும்.

பூட்டு ரிப்பேர்க்காரர் விண்ணப்பித்தார். வீட்டு உரிமையாளர் கூப்பிட்டார் என்பதற்காக மட்டும் அவர் எந்தப் பூட்டையும் மாற்றியதில்லை. குடியிருப்பவரும் வாசலில் நிற்க வேண்டும். எதிரெதிரே நின்றால் பேசியாக வேண்டும். பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதியைத் தீர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. பதவி அதற்காகத்தான் வேண்டியிருந்தது.

விண்ணப்பித்த இன்னொருவர் மெத்தைக்கடை முதலாளி.

இருவரைப் பற்றியும் அவர்கள் தெருவில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பக்கத்துக் கட்டட மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸிடம், "பூட்டுக்காரருக்கு யார்கூடவாவது தகராறு உண்டா?" என்று கேட்டார்.

"மாமாவுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க!" நர்ஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க வீட்டு ஓனரையே நடுத்தெருவுல நிக்க வச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாரு. 'போலீஸைக் கூப்பிடு, பார்த்துக்கலாம்'னாரு. யாருக்கும் பயப்பட மாட்டாரு சார்!"

அதிகாரி எழுதிக்கொண்டார். எதிர்வீட்டிலும் சலவைக்கடையிலும் இதைவிடப் பெரிய சண்டைகளைச் சொல்லிப் புகழ்ந்தார்கள்.

"மெத்தைக்கடைக்காரர் எப்படி?"

"அவரு இருக்கிற இடமே தெரியாது," என்றார் சலவைக்காரர். "கடையில இருக்கிற மெத்தைகூட அவரைவிட நாலு வார்த்தை அதிகமாப் பேசும்."

தேர்வுக்குழு, பலருடன் பிணக்கு உள்ளவர் என்று பூட்டுக்காரரை நிராகரித்தது. மெத்தைக்கடைக்காரரை நியமித்தது.

"ஒரு எதிரியாவது போய்ப் பேசியிருந்தா கெடச்சிருக்கும்," என்றாள் பூட்டுக்காரரின் மனைவி. "வேண்டியவங்க வாயிலதானே விழுந்தீங்க."

முதல் சனிக்கிழமை நர்ஸின் வழக்கு வந்தது. உரிமையாளர் வீட்டைக் காலி செய்து தரக் கேட்டார். நர்ஸ் பேசத் தொடங்கியதும், "சண்டை எதுக்கும்மா," என்று சொல்லிவிட்டு, காலி செய்யும் உத்தரவில் புதிய நீதிபதி கையெழுத்திட்டார்.

உத்தரவோடு உரிமையாளர் பூட்டுக்காரரைக் கூட்டிவந்தார்.

"அந்தப் பொண்ணும் வரட்டும்," என்றார் பூட்டுக்காரர்.

நர்ஸ் அடுப்பும் பெட்டியுமாக மாடிப்படியில்தான் நின்றிருந்தாள். "இங்கதான் இருக்கேன் மாமா. ரெண்டு பேரும் வந்தாச்சு. மாத்துங்க."

பூட்டுக்காரர் உத்தரவை இரண்டு முறை படித்தார். பழைய பூட்டைக் கழற்றினார். புதிய பூட்டைப் பொருத்தி, சாவிகளை உரிமையாளரிடம் கொடுத்தார்.