இரண்டு பேருக்கான அறை

காலுறை குதிகாலைத் தாண்டி ஏறவில்லை. ரெம்யா அப்பாவின் பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு துணியை இரு கைகளாலும் விரித்து இழுத்தாள். ஐஸ் பெட்டிக்குள் இரவெல்லாம் கிடந்த குளிர் பாதத்தை விட்டு இன்னும் போகவில்லை. கட்டிலின் மறுபக்கம் அண்ணன் ஷிபு, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக வெள்ளைக் கையுறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான்.

“பவுடரு போடு. வழுக்கி ஏறும்.”

அவள் பவுடர் டப்பாவுக்குக் கை நீட்டியபோது பக்கத்தில் கிடந்த போன் அதிர்ந்தது. கிருஷ்ணகுமார் சார். தம்பானூரில் அவள் டிக்கெட் போடும் வேலை செய்யும் டிராவல்ஸ் கடையின் முதலாளி; மலையாளம் கலந்துதான் தமிழ் பேசுவார்.

“ரெம்யா, இப்ப விளிக்கக் கூடாது, தெரியும். பட்சே வேற வழியில்ல. கப்பல்ல அப்பா அம்மாவுக்குப் போட்ட கேபின். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பேரு மாத்தணும், இல்லேன்னா ரெண்டு பேரோட டிக்கெட்டும் போகும். ஒத்த ஆளுக்கு ரூம் இல்லேன்னு கம்பெனி கண்டிப்பா சொல்லிட்டாங்க. வெயிட்டிங்ல அவ்வளவு பேரு.”

“சரி சார்.”

“அடக்கத்துக்கு நான் வரேன், கேட்டோ.”

ஷிபு நிமிர்ந்து பார்த்தான். “ஆரு?”

“கடையில இருந்து. கப்பலு.”

“வேண்டாம்னு சொல்லிடு. இனி என்ன கப்பலு.”

தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா தாசம்மாள் அப்பாவின் தலைமுடியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பவுடர் போட்டதும் காலுறை ஏறியது.

அந்த அறையைப் பதிவு செய்தவள் ரெம்யாதான். கொச்சியிலிருந்து லட்சத்தீவு போய்த் திரும்பும் கப்பல். கொரோனா வந்த பிறகு கடைக் கம்ப்யூட்டரில் கப்பல் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. பிறகு கப்பல்கள் ஓடத் தொடங்கியபோதும் ஏறுவதற்கு முன் பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, மேல்தளத்திலும் மாஸ்க், பாதி ஆட்கள் மட்டும் என்று விதிகள் இருந்தன. மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு யார் கடல் பார்க்கப் போவார்கள் என்று சார் சிரிப்பார். அந்த நாளில்தான் அவள் அப்பா பெயரும் அம்மா பெயரும் போட்டு வைத்தாள். தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. பிறகு ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பரிசோதனை வேண்டாம், சான்று வேண்டாம், மாஸ்க் அவரவர் விருப்பம். அன்று மதியம் தொடங்கிய போன் அடிப்பு இன்னும் நிற்கவில்லை. ரிட்டயரான ஆசிரியர்கள், கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்கள், இரண்டு வருடம் வீட்டுக்குள் பிள்ளைகளைக் கட்டி வைத்திருந்தவர்கள். எல்லாருக்கும் உடனே போகவேண்டும். அடுத்த மாதம் புறப்படும் கப்பலில் ஓர் அறைகூட மிச்சமில்லை.

ஊரில் அது அப்பா நேசமணியின் கப்பல் ஆசை என்றே பேச்சு. பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை ஏலம் எடுக்கும்போதெல்லாம் அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தாநாள்கூடச் சொல்லியிருப்பார். நேற்று காலை சந்தைக்குப் போகச் சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். ஆனால் ஆசை அவருடையதல்ல என்பது ரெம்யாவுக்குத் தெரியும். ஒரு நாள் போனில் கப்பல் படத்தைக் காட்டியபோது அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல சோறு நாம ஆக்கணுமா?”

“வேண்டாம். எல்லாம் அவிய தருவாவ.”

“பாத்திரம்?”

“அதும் அவியதான்.”

“பின்ன பெண்ணுங்க என்னத்த செய்வாவ?”

“கடலப் பாத்துட்டு இருப்பாவ.”

அம்மா மீன் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள். “அப்பாகிட்ட நீ கேளு. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்.”

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பந்தல்காரன் போட்ட நாற்காலிகள் போதாமல் வேதக்கோயிலிலிருந்து பெஞ்சுகள் கொண்டு வந்தார்கள். “இப்பம் எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான்,” என்றான் பந்தல்காரன். “கொரோனாவுல போவ முடியாத சாவுக்கெல்லாம் சேத்து வாறாவ.” அந்த நாட்களில் ஒரு சாவுக்கு இருபது பேர்தான். போலீஸ் வந்து எண்ணிவிட்டுப் போகும். இன்று வந்தவர்கள் அப்பாவின் நெற்றியைத் தொட்டார்கள், கன்னத்தில் முத்தமிட்டார்கள், சவப்பெட்டி விளிம்பைப் பிடித்து நின்று அழுதார்கள். வயதான ஒருவர் மட்டும் மாஸ்க் போட்டு வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு அவரும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிஜி மைனி வந்தாள். அப்பாவின் தங்கை மகள், அமரவிளையில் யு.பி. ஸ்கூல் டீச்சர். அம்மாவைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். மூக்கைத் துடைத்த பிறகு ரெம்யாவின் கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் கூட்டிப்போனாள்.

“மக்ளே, இப்பம் கேக்கக்கூடாது. ஆனாலும் கேக்கியேன். மாமாவுக்க அந்தக் கப்பல் ரூமு, ஆரெங்கிலும் கேட்டாவளா?”

“இல்ல மைனி.”

“எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் போடு. ரெண்டு வருஷமா போனயே நோக்கி நோக்கி கிளாஸ் எடுத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சாச்சு. எங்க கேட்டாலும் ஃபுல்லு. மாமா போனதுனால கேக்கியதில்ல மக்ளே. சும்மா போவுமே, அதான்.”

“அம்மாகிட்ட கேக்கணும்.”

“மாமி இனி போவாவளா? நாப்பதாம் நாளு செபம் முடியாம வெளிய எறங்கினா கோயில்ல என்ன சொல்லுவாவ? கப்பலு அதுக்கு முன்னாடில்லா.”

ரெம்யா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். திரும்பி வந்து அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“அம்மா, அஞ்சு மணிக்குள்ள...”

“கேட்டேன்,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். கேட்டது சாரின் போனையா, பிஜி மைனியையா, இரண்டையுமா என்று தெரியவில்லை.

மதியவாக்கில் வித்துராவிலிருந்து வடிவம்மாள் பெரியம்மை வந்தாள். பஸ் மாறி மாறி, தனியாக, கையில் ஒரு துணிப்பையுடன். அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா இறந்தது கொரோனா இரண்டாம் முறை ஏறிய மே மாதத்தில். பெரியம்மைக்கும் நோய் இருந்ததால் அவளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் வீட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு கவச உடை போட்ட பையன்கள் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

பெரியம்மை பெட்டியருகில் வந்து அப்பாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் புருவத்தைத் தடவினாள், காதைத் தொட்டாள், மீசையை ஒதுக்கினாள்.

“நல்ல தெளிஞ்ச மொகம்,” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “நீ கூட இருந்தியா?”

“ஆமா அக்கா. எனக்க தோளுலதான் சாஞ்சாரு.”

பெரியம்மை தலையை ஆட்டிவிட்டு அம்மாவின் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

போதகர் வந்து செபம் முடிந்ததும் கச்சை போடச் சொன்னார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புதிய வெள்ளைத் துணியை உடலின்மேல் விரிப்பது வழக்கம். கடைசியாக மனைவி போடவேண்டும். ஷிபு போட்டான். அத்தை வீட்டார் போட்டார்கள். பெரியம்மை துணிப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து விரித்தாள். மடிப்பு மடிப்பாக அதில் மஞ்சள் கோடு ஏறியிருந்தது.

“பெரிய மாமி, புதுசு போடணும்,” என்றாள் பிஜி மைனி மெல்ல. “ஷிபு, உள்ள வேற இருந்தா எடு.”

“இது புதுசுதான்,” என்றாள் பெரியம்மை. “ஆரும் போடல்ல.”

அந்த மே மாதத்தில் துணிக்கடைகள் அடைத்துக் கிடந்தன. பெரியம்மை கடைக்காரரின் வீட்டுக்குப் போன் செய்து ஒரு கச்சை வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பியதும், உடலைப் பொதிந்த பையைத் திறக்க அனுமதியில்லை என்று அவர்கள் அதைத் திருப்பி அனுப்பியதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிஜி மைனிக்கும் தெரியும். அவள் ஷிபுவை நோக்கி நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள்.

அம்மா எழுந்து வந்தாள். மஞ்சள் கோட்டை உள்ளங்கையால் நீவிச் சமப்படுத்தினாள். “கெடக்கட்டு,” என்றாள். அதன்மேல் தன் துணியை விரித்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது பந்தலில் கஞ்சியும் பயறும் விளம்பிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகுமார் சார் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பாமல் கேட்டருகில் நின்றார். ரெம்யா பக்கத்தில் போனதும் வாட்சைக் காட்டினார்.

“நான் தொந்தரவு பண்ணல்ல. நாலரை ஆச்சு.”

அது ஷிபுவின் காதில் விழுந்தது. “பிஜி மைனிக்குக் குடு. நம்ம ஆளுதான. வேற ஆருக்கோ போறதுக்கு.” பிஜி மைனி கஞ்சிக் கிண்ணத்துடன் அங்கேயே நின்றிருந்தாள்.

“ரெம்யா.” உள்ளே இருந்து அம்மா கூப்பிட்டாள். சாரை வாசலில் விட்டு எல்லாரும் அறைக்குள் போனார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மை பக்கத்தில் தலையணை உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்க பேர மாத்தாண்டாம்.”

ஷிபு ஓரடி முன்னால் வந்தான்.

“அம்மா, நாப்பது கழியாம...” என்றான் ஷிபு.

“நாப்பதாம் நாளு செபத்துக்கு வந்துருவேன்.”

“ஊரு என்ன சொல்லும்?”

“சொல்லட்டு.” பிறகு ரெம்யாவிடம், “அப்பாக்க பேரு இருக்க எடத்துல பெரியம்மைக்க பேரப் போடு.”

பெரியம்மை தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். “எனக்கு என்னத்துக்குடி கப்பலு? கடலக் கண்டா தல சுத்தும்.”

“சுத்தினா படுத்துக்கிடுங்க. அங்க ஒரு சோலியும் இல்லியாம்.”

“ஆளுவ சிரிப்பாவ தாசம்மா.”

“நமக்குக் கேக்காது. கடலுலல்லா இருப்போம்.”

பிஜி மைனி கிண்ணத்தைக் கைமாற்றினாள். “செரி, செரி. ரெண்டு பேரும் போய்ச் சந்தோஷமா இருந்துட்டு வாங்க,” என்றாள். அது குத்தல்தானா என்று ரெம்யாவால் சொல்ல முடியவில்லை.

“கஞ்சி ஆறுது, குடி மக்ளே,” என்றாள் அம்மா.

ஷிபு அப்பாவின் சட்டைகள் தொங்கிய கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போய்ப் பந்தல்காரனுக்கு நாற்காலி எண்ண உதவினான்.

ரெம்யா போனில் பக்கத்தைத் திறந்தாள். அப்பாவின் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழிக்கவேண்டியிருந்தது. அழித்தாள். பெரியம்மையின் ஆதார் அட்டை துணிப்பையில் இருந்தது. பெயர், பிறந்த வருடம், எண். தடுப்பூசிச் சான்று கேட்ட கட்டம் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. கடைசியில் புகைப்படம்.

“இந்தச் சொவருல நில்லுங்க பெரியம்மை.”

பெரியம்மை நின்றாள். அடக்கத்துக்கு வந்த எல்லாப் பெண்களையும் போல அவளும் வெள்ளைச் சேலையில் இருந்தாள். சுவரும் வெள்ளை. படம் ஏறியதும் சிவப்பு எழுத்து வந்தது. ரெம்யா மறுபடி எடுத்தாள். மறுபடியும் சிவப்பு. சார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “டிரெஸ்ஸும் சொவரும் ஒண்ணா இருக்கு. ஆளு தெரியாம சிஸ்டம் எடுக்காது. கலர்ல ஏதாச்சும் போடச் சொல்லு. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

அம்மா அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் கவர் பிரிக்காமல் இருந்த சேலையை எடுத்தாள். கிளிப்பச்சை. கப்பலுக்கென்று அப்பா நெய்யாற்றின்கரையில் எடுத்துக்கொடுத்தது. அட்டையை உருவிப்போட்டு உதறி, பெரியம்மையின் தோளைச் சுற்றிக் கழுத்துவரை போர்த்தினாள்.

“இன்னைக்குப் போயி இத...” என்றாள் பெரியம்மை.

“அனங்காம நில்லுங்க அக்கா.”

வெளியே நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. பெரியம்மை சேலையின் ஓரத்தை நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு மூடியிருக்கு,” என்றாள் ரெம்யா. “தொறந்து இங்க பாருங்க.”