ஊன்றாத கால்

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டரின் முகம் சுருங்கியதும் பரிபூரணம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் பால்ச்சாமி காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். மதுரையில் ஆபரேஷன் செய்த டாக்டர்தான் வாரம் ஒரு தடவை இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்குக்கும் வருவார்.

"எலும்பு மெலிஞ்சிருக்கு. நொறுங்கின இடத்துல, இடுப்புல எடுத்த எலும்போட செராமிக் துண்டையும் வச்சு அடைச்சிருக்கோம். அது பாக்கக் கல்லு மாதிரி இருக்கும், ஆனா தனியா நின்னா நொறுங்கிரும். உங்க சொந்த எலும்பு அதுக்குள்ள வளரணும், அதுக்குக் கால்ல பாரம் விழணும். ஊன்றி நடக்கட்டும்னு போன தடவையே உங்க வீட்டம்மாகிட்டச் சொன்னேனே?"

பால்ச்சாமி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

ராஜபாளையத்து மில்லில் பஞ்சுப் பேல் மூட்டை சரிந்து அவன் கால் நொறுங்குவதற்கு முன், அவன் வீடு தங்கியதில்லை. ஷிப்டு முடிந்தால் பஸ் பிடித்து இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குத் தொடுப்பாக இருந்த வெள்ளைத்தாய் வீட்டுக்கு வந்துவிடுவான். ஊரே அறிந்த சங்கதி, பரிபூரணத்தைக் கண்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் முழுசாக அவளுடையவன் ஆனான். கக்கூசுக்குப் போவதானாலும் அவள் தோளைப் பிடித்தாக வேண்டும். அந்தக் கை தோளில் கனத்தபோது கிடைத்த நிம்மதியைக் கல்யாணமான புதிதில்கூட அவள் கண்டதில்லை. போன தடவை மருந்துச் சீட்டோடு டாக்டர் அறையிலிருந்து தனியாக வெளியே வந்தவள் அவனிடம், "ஊனவே கூடாதுன்னுட்டாரு" என்றாள். பாவி வாய், கொஞ்சமும் கூசவில்லை.

"இனியும் ஊன்றலைன்னா அடைச்சது பிடிக்காது. மறுபடி திறக்க வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

அவள் தோளைப் பிடித்தே பால்ச்சாமி தெருவுக்கு வந்தான். தோளில் அவன் விரல்கள் அழுந்தின.

"ஏட்டி, ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நடந்தா அங்கதான போவீக."

"அதுக்கு? எங் கால் போனாலும் பரவாயில்லையா ஒனக்கு?"

"போனா நான் சுமப்பேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே பயங்கரமாகக் கேட்டது. இந்த மனிதனுக்குச் சோறு ஊட்டி, தலை துவட்டி, உள்ளுக்குள் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

எதிர்ச் சாரியில் அவர்கள் வீட்டுக்குப் போகிற ராஜபாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வெள்ளைத்தாய் இருக்கும் தெரு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்.

பரிபூரணம் குனிந்து அவன் கைக்கு அடியிலிருந்து விலகினாள்.

"ஊனுங்க."

அவன் கை சற்று நேரம் அவள் தோளைத் தேடி அலைந்தது. பிறகு மெலிந்த காலின் குதிகால் நடுங்கிக்கொண்டே மண்ணில் பதிந்தது. பல்லைக் கடித்தபடி அவன் நிமிர்ந்தான். அவன் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.