ஒன்பது படகும் ஓர் ஊக்கும்

கங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் பட்டினப்பாக்கத்துக் காக்கைகூட அவள் மீன்கூடைப் பக்கம் வராது. அன்றைக்கு அவள் கோபமெல்லாம் அந்தப் பழைய பெட்ரோல் டிராக்டர் மேல். படகுகளைக் கூலிக்குக் கரைமேட்டுக்கு இழுக்கவென்று, தாலிச்சரடைத் தவிர இருந்த நகையையெல்லாம் விற்று வாங்கிய வண்டி அது. இப்போது சரட்டில் தாலியோடு தொங்குவது இரண்டு ஊக்குகள்தான்.

மாலைக்குள் அலை ஏறும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. ஒன்பது படகுகளும் மேலே போயாக வேண்டும். சனியன், மூன்றாவது படகிலேயே வண்டி படுத்துக்கொண்டது. கால் மணி நேரம் விட்டுவைத்தால் ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் ஓடும், விக்கும், மறுபடி நின்றுவிடும்.

படகுக்காரர்களின் தலைவர் மிக்கேல் போனும் கையுமாக நின்றார். "இன்னா கங்கம்மா, ஒரு மணி நேரம் பாக்கறேன். இல்லன்னா வெளி டிராக்டரக் கூப்ட்டுடுவேன். அப்புறம் எப்பவுமே அவன்தான், சொல்ட்டேன்."

வண்டியை ஓட்டுபவள் கங்கம்மாவின் மருமகள் ஜெனிதா. அவள் ஸ்கூட்டரில் பறந்துபோய் ராயப்பேட்டை மெக்கானிக் அக்பர் பாஷாவைக் கூட்டிவந்தாள்.

அவர் இக்னிஷன் காயிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "கொதிக்குது. சூடானா இது கரண்ட்டு குடுக்காது, ஆறினா குடுக்கும். புதுசு நாளைக்குத்தான் கெடைக்கும்."

"நாளைக்கு வந்து இன்னா பாய், கருமாதியா பண்றது?" என்று சீறினாள் கங்கம்மா.

ஜெனிதா காயிலின்மேல் ஈரத்துணி சுற்றினாள். காயில் ஜில்லென்று இருந்தது. அப்படியும் பத்தாவது நிமிஷம் வண்டி நின்றது. பாய் புருவத்தைச் சுருக்கினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி நீலமாகத் தெறித்தது. பெட்ரோல் வந்து சேரும் கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"காயில் மேல பழி போட்டது என் தப்பு. பெட்ரோல்தான் வர்ல" என்றபடி டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"காத்து போற ஓட்டைய அடைச்சி வெச்சா பெட்ரோல் எப்படிம்மா எறங்கும்? யாரு இங்க சந்தனம் அப்பினது?"

கங்கம்மாவின் முகம் செத்துப்போனது. முந்தாநாள் ஆயுத பூஜை. மூடி நெற்றிபோல் உருண்டையாக இருக்கிறதே என்று நான்கு விரலால் வழித்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தது அவள்தான். காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது.

"நான்தான் பாய்."

"அப்ப நீயே எடு. சாமிக்கு வெச்சதுல நான் கை வெக்க மாட்டேன்."

கை எழவில்லை. வைத்த பொட்டைத் தன் கையாலேயே அழிப்பதா? மிக்கேல் போனைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.

"அத்தே, உன் மூக்குல சந்தனத்த அப்பினா நீ மூச்சு வுடுவியா?" என்றாள் ஜெனிதா.

கங்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வாயப் பாரு இவளுக்கு!" சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். 'தப்பா நெனச்சிக்காத தாயே' என்று முணுமுணுத்தபடி ஓட்டையைக் குத்தினாள். சந்தனம் உதிர்ந்தது. பாய் ஊதிப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜெனிதா வண்டியைக் கிளப்பினாள். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. வண்டி நிற்கவில்லை. மூன்றாவது படகு ஏறியது, நான்காவது ஏறியது. ஒன்பதாவது மேட்டைத் தொட்டபோது முதல் பெரிய அலை அது நின்றிருந்த இடத்தை நனைத்துவிட்டுப் போனது.

மிக்கேல் போனைச் சட்டைப் பையில் போட்டார். "காத்து அடங்கினதும் எல்லாத்தயும் எறக்கணும். நீங்கதான் வரணும்."

கண்ணில் மண் விழுந்ததுபோல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள் கங்கம்மா. பிறகு வீட்டுக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"அத்தே!" என்று அலறினாள் ஜெனிதா.

"கத்தாதடி, எனக்குத் தெரியும்" என்றபடி டிராக்டரின் முன்நெற்றியில், மூடிக்கு ஒரு முழம் தள்ளி, ஒரே ஒரு பொட்டு வைத்தாள்.