கேட்டதுக்கு மட்டும் பதில்

என் பொண்ணு ரெண்டு படிப்பு படிக்கிறா. ஒண்ணு சட்டம், இன்னொண்ணு சமூகவியல். ஒரே காலேஜ், ரெண்டு கட்டடம். காலையில ஒரு கட்டடத்துல சட்டம் என்ன சொல்லுதுன்னு படிப்பா, மத்தியானம் எதிர்க் கட்டடத்துக்குப் போய் அந்தச் சட்டம் ஏன் பாதிப் பேருக்கு எட்டவே மாட்டேங்குதுன்னு படிப்பா. முடிச்சா ரெண்டு பட்டம். "இருக்கறது ஒரு தலை, அதுல எதுக்குடி ரெண்டு?"ன்னு கேட்டேன். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சா அரைகுறைம்மா"ன்னா. எனக்குப் பெருமை தாங்கல. வேலை செய்யற இடத்துல இதையே சொல்லிச் சொல்லி அத்தனை பேருக்கும் காது புளிச்சுப்போச்சு.

நான் இருக்கறது ஆஸ்பத்திரி சலவைக்கூடம். கட்டில் விரிப்பை எல்லாம் ஒருத்தியா மடிக்க முடியாது, எதிர்ல ஒருத்தி நின்னு ரெண்டு முனையைப் பிடிக்கணும். எனக்கு எதிர்ல நிக்கறவ குச்சி. ஆள் ஒல்லி, அதனால அந்தப் பேரு. வாய் மட்டும் ஒல்லி இல்ல. புருஷன் இன்னொருத்தியோட குடும்பம் நடத்தப் போயிட்டான். இவளுக்கு மிச்சம் ஒரே பையன், இப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சவன். சேட்டை தாங்காம நாங்க வச்ச பேரு வாலு.

வேலைக்குப் போற அம்மாக்கள் புள்ளைங்களை எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு என் பொண்ணு ஆராய்ச்சி எழுத ஆரம்பிச்சா. சமூகவியல் பக்கத்துக்கு. எங்க கூடத்துப் பொம்பளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உட்கார்ந்து பேசுவா, ரெக்கார்ட் பண்ணுவா. குச்சி தானா வலிய வந்து உட்கார்ந்தா. "என்னையும் எழுது கண்ணு. நானும் புஸ்தகத்துல வர்றேன்"ன்னா. பேரு எங்கேயும் வராது சித்தி, நீங்க சொல்றது என்னைத் தாண்டிப் போகாதுன்னு இவ வாக்குக் குடுத்தா. குச்சி எல்லாத்தையும் கொட்டிட்டா. சாயங்கால ஷிப்ட் வந்தா பையனைப் பார்த்துக்க ஆள் கிடையாது. டிவியைப் போட்டுட்டு, பக்கத்துல ரொட்டியும் தண்ணியும் வச்சுட்டு, வெளியே பூட்டு போட்டுட்டு வர்றாளாம். எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். யாரும் அதைத் தப்பா நினைச்சதில்ல, பாவம்னுதான் நினைச்சோம்.

அதுக்கப்புறம்தான் அந்த மகராசனுக்குப் புள்ளைப் பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. பையன் என்கிட்டதான் இருக்கணும்னு கேஸ் போட்டான். புது வீடு, புதுப் பொண்டாட்டி, அவ வேலைக்குப் போகாம வீட்டோட இருக்கறவ. குச்சிக்குச் சோறு இறங்கல.

அப்ப இந்தப் பைத்தியக்காரி என்ன பண்ணினா தெரியுமா? அவ வக்கீல்கிட்ட, "லா படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு சார், என்னைப் பத்தி முழுசாத் தெரியும், நான் எப்படிப்பட்ட அம்மான்னு அது வந்து சொல்லும்"னு பெருமையாச் சொல்லிட்டா. அந்த ஆளுக்கு ஆயிரம் கேஸ். என்ன ஏதுன்னு விசாரிக்காமலே என் பொண்ணு பேரைச் சாட்சின்னு குடுத்துட்டாரு. என் பொண்ணு பதறிப்போய் ஓடி விஷயத்தைச் சொன்னதும் பேரை எடுத்துட்டாரு. ஆனா எடுத்ததே வினையாப்போச்சு. எதிராளி வக்கீலுக்கு மூக்குல வேர்த்துடுச்சு. நேத்து வரைக்கும் வேணும்னு இருந்த சாட்சி இன்னிக்கு ஏன் வேணாம்? அப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ இருக்குன்னு, அவரே கோர்ட்டு மூலமாக் கூப்பிட்டுட்டாரு.

என் பொண்ணு ரெண்டு கட்டடத்துக்கும் நடையா நடந்தா. சமூகவியல் சொல்லித்தர்ற அம்மா, "வாக்குக் குடுத்திருக்கே. வாயைத் திறக்கவே கூடாது. இதுதான் நம்ம தொழில் தர்மம்"னாங்க. சட்டம் சொல்லித்தர்றவர், "கூப்பிட்டா போகணும், கேட்டா சொல்லணும். வக்கீலை நம்பிச் சொன்னதுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆராய்ச்சிக்காரங்களை நம்பிச் சொன்னதுக்குக் கிடையாது"ன்னாரு. அதாவது, இதையே என் பொண்ணு வக்கீலா உட்கார்ந்து கேட்டிருந்தா யாரும் அவ வாயைப் பிடுங்க முடியாதாம். ஒரே பொண்ணு, ஒரே காது! எந்தக் கட்டடத்து வேலையா கேட்டுச்சுன்னு பார்ப்பாங்களாம். என்ன கண்றாவிப் படிப்புடா சாமி இது!

கோர்ட்டுக்குப் போற காலையில தலை பின்னி விட்டுக்கிட்டே சொன்னேன். "தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடேன்டி. ஒரு வார்த்தைதானே?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றவ எப்படிம்மா வக்கீலாவா?"

"அப்ப மத்த வக்கீலெல்லாம் எப்படி ஆனாங்களாம்?"

அவ சிரிக்கல. கண்ணாடியில பார்த்தா கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. பின்னலை முடிச்சுப் போட்டு விட்டேன். ஆனா நெஞ்சுக்குள்ள, சொல்லிடு, சொல்லிடு, தெரியாதுன்னு சொல்லிடுன்னு அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

கோர்ட்டுன்னதும் நான் என்னமோ பெருசா நினைச்சிருந்தேன். சின்ன ரூம்தான். ஓரமா ஒரு மின்விசிறி கடகடன்னு ஓடிச்சு. முன்னால குச்சி, அவளுக்குப் பின்னால நான். என் பொண்ணு கூண்டுல ஏறி நின்னதும் குச்சி திரும்பி என்னைப் பார்த்து, பயப்படாதேக்கான்னு எனக்குத் தைரியம் சொன்னா. இவ என்ன சொன்னாலும் பக்குவமாச் சொல்லிடுவான்னு அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எதிராளி வக்கீல் குரலை உயர்த்தவே இல்ல. "பையனைத் தனியா வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போறதா இந்தம்மா உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க. என் படிப்புல இதைச் சொல்லக் கூடாது"ன்னா இவ.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாங்க. "நீங்க இவங்களுக்கு வக்கீலா?"

"இல்லைங்க. மாணவி."

"அப்ப பதில் சொல்லும்மா."

என் பொண்ணு ரெண்டு கையாலயும் கட்டையைப் பிடிச்சுக்கிட்டா. "சொன்னாங்க. ஆனா ஏன்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இல்ல சார், அந்த நேரத்துல புள்ளையைப் பார்த்துக்க ஒரு இடமும் கிடையாது. அவங்க மட்டும் இல்ல, அங்க இருக்கற முக்காவாசிப் பேரு... என்னையும் எங்கம்மா பூட்டிட்டுத்தான்..."

"கேட்டதுக்கு மட்டும்."

அவ்வளவுதான். உட்காரச் சொல்லிட்டாங்க. ஏன் பூட்டினாங்கன்னு எத்தனை மாசமா எழுதினாளோ, அதுல ஒரு வரியைக்கூடச் சொல்ல விடல. பூட்டினாங்கங்கறது மட்டும் போதுமா இருந்துச்சு. குச்சியோட வக்கீல் எழுந்து என்னமோ கேட்டுப் பார்த்தாரு, அதெல்லாம் எடுபடல. ஆமாம், என் பொண்ணையும் நான் பூட்டிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். அவ வளர்ந்து அந்தக் கூண்டுல வந்து நின்னா. குச்சி திரும்பவே இல்ல. எனக்கு அவ முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது.

பையன் அப்பன்கிட்டப் போயிட்டான். வாரத்துல ஒரு நாள் பார்த்துக்கலாமாம். துணிப்பையோட அவனைக் கொண்டுபோய் விட்டப்ப, அவன் புது வீட்டு மாடிப்படியில ஏறி ஏறிக் குதிச்சு விளையாடினானாம். அதை வேற ஒருத்தி வந்து என்கிட்டச் சொல்றா.

அதுலேருந்து என் பொண்ணு சட்டக் கட்டடத்துப் பக்கமே போகல. "அந்த வாசல்ல கால் வச்சா மூச்சு முட்டுதும்மா. நான் சமூகவியலை மட்டும் முடிச்சுக்கறேன்"னா. திட்டினேன், கெஞ்சினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமக்கூட இருந்து பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. போன திங்கக்கிழமை சட்டம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. இத்தனை வருஷம் படிச்சதெல்லாம் பாழ்.

குச்சியும் நானும் இன்னும் எதிரெதிர்லதான் நிக்கிறோம். வேற ஜோடி போடச் சொல்லி ரெண்டு பேருமே கேட்கல. கேட்டா அதுக்கொரு காரணம் சொல்லணுமே. விரிப்பை இழுப்போம், மடிப்போம், கிட்ட வருவோம், முகத்தைப் பார்க்காம முனையை வாங்கிக்குவோம். அத்தனை வாயாடினவ, 'உம்', 'இந்தா' தவிர வாயைத் திறக்கல. அவ திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

நேத்து டீ குடிக்கப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். வந்து பக்கத்துல உட்கார்ந்தா.

"அக்கா, உன் பொண்ணு எப்ப முடிக்கும்?"

"எதை?"

"சட்டத்தை." டம்ளரை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே பேசினா. "எனக்கு அது மேல கோவம் இருந்துச்சுக்கா. பொய் சொல்ல மாட்டேன். இப்ப இல்ல. யோசிச்சுப் பார்த்தேன். அத்தனை பேர்ல எனக்காக வாயெடுத்தது அது ஒண்ணுதான். ஏன்னு சொல்ல வந்துச்சு, விடல. சாட்சின்னா விட மாட்டாங்களாம். வக்கீல்னா பேச விட்டுத்தானே ஆகணும்? அது கருப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு வரட்டும். நான் மறுபடி கேஸ் போடறேன். அதுவரைக்கும் வாலு அங்கயே இருக்கட்டும். நான் பொறுத்துக்குவேன். எப்பன்னு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா."

அன்னிக்குக் காலையில ஒரே ஒரு பொய் சொல்லுடின்னு கெஞ்சினேன், என் பொண்ணுக்கு அது வரவே இல்ல. எனக்கு எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுமா?

"அடுத்த வருஷம்டி"ன்னேன். "நீ ஏன் கவலைப்படறே? அவதான் உனக்கு வக்கீல்."

குச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா.