துயெனின் நாக்கு

ஆவி பறக்க வந்த நூடுல்ஸை ஆறவிட்டு வேடிக்கை பார்க்கிறவனைத் தோவாவால் மனிதர்களோடு சேர்க்க முடியவில்லை. துயென் ஒவ்வொரு கடையிலும் அதைத்தான் செய்தான். கிண்ணம் வந்ததும் எழுந்து நிற்பான். பையிலிருந்து குட்டி விளக்கை எடுத்து மேஜையில் நிறுத்துவான். வெங்காயத்தாளை நகர்த்துவான், மாட்டிறைச்சித் துண்டைப் புரட்டுவான், குச்சியால் நூடுல்ஸைத் தூக்குவான், விடுவான், மறுபடி தூக்குவான். அதற்குள் அரிசி நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்துவிட்டு உப்பிப்போய்க் கிடக்கும். அப்புறம் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில்கூட எவனும் அவ்வளவு பல்லைக் காட்ட மாட்டான்.

ஹனோய்த் தெருக்கடைகளில் தின்று பார்த்து, குடித்துப் பார்த்து, தீர்ப்புச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. அதற்கென்று ஒரு சேனல், அதைப் பார்க்க லட்சக்கணக்கில் ஆட்கள். வேலைவெட்டி இல்லாத ஊர் என்று தோவா நினைத்துக்கொண்டாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கிளட்சை மிதிக்கத் தெரியாத பணக்காரப் பிள்ளைகளை நாள் முழுக்கத் திட்டுவதற்குச் சம்பளம் வாங்கினாள். புருஷனை விட்டு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சந்தையில் அம்மாவுக்குப் பழக்கமான ஒருத்திதான் துயெனைப் பற்றிச் சொன்னது. அவனும் மணவிலக்கு ஆனவன், குடி கிடையாது, நாலு பேருக்குத் தெரிந்த முகம். "ஒரு தடவை போய்ச் சாப்பிட்டுட்டு வாடி, காசா பணமா" என்று அம்மா நச்சரித்ததால் போனாள்.

முதல் நாள் ஏரிக்குப் பின்னால் ஃபோ என்கிற மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கும் ஒரு கடை. துயென் விளக்கை அணைத்துவிட்டு முன்னால் சாய்ந்தான்.

"எப்படி இருக்கு தோவா?"

"எலும்பைப் பானைக்கு ஒரு தரம் காட்டிட்டுப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிட்டாங்க. தண்ணில அஜினோமோட்டோ தனியா நின்னு மாரடிக்குது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்புறம்? இறைச்சி?"

"அந்த மாடு ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்கிட்டு இருந்திருக்கும். பாவம், கூட்டிட்டு வந்துட்டாங்க."

அவன் கண்ணெடுக்காமல் கேட்டான். தோவாவுக்கு அது புதுசு. பழைய புருஷன் டிவியைப் பார்த்தபடி எதைப் போட்டாலும் விழுங்குகிறவன். எட்டு வருஷத்தில் உப்பு இருக்கா இல்லையா என்றுகூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவன் ஒரு வாய்க்கு ஒரு கேள்வி கேட்டான். ஆளைப் பிடிக்கவில்லை, அவன் கேட்டது பிடித்தது. அதனால் அடுத்த ஞாயிறும் போனாள்.

ரயில் தண்டவாளத்து ஓரம் வயல் நண்டு நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். "நண்டு இந்தப் பக்கமா ரயில்ல போயிருக்கும், இறங்கல" என்றாள். மாடிப்படி ஏறி முட்டைக் காப்பி குடித்தார்கள். "கடைக்காரன் கட்டை விரலைக் கோப்பைக்குள்ள விட்டுத்தான் எடுத்துட்டு வர்றான். காப்பியில ருசின்னு ஏதாவது இருந்தா அது அந்த விரலோடதுதான்." பீர்க்கடையில் பச்சைக் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல மீன் வளர்க்கலாம்" என்றாள். எல்லாவற்றுக்கும் அவன் சிரித்தான். ஆனால் தன் வாயால் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை முதலில் சொல்ல மாட்டான். தோவா இதை ரொம்ப நாள் மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

நத்தை நூடுல்ஸ் கடையில்தான் முதல் சந்தேகம். அன்றைக்கு நத்தை கெட்டுப்போயிருந்தது. ஒரு கடி கடித்ததுமே தோவா தரையில் துப்பி, எலுமிச்சைத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள். எதிரில் துயென் அதே நத்தையை மென்றுகொண்டிருந்தான். நிதானமாக, மாடு அசைபோடுகிற மாதிரி. விழுங்கிவிட்டு இன்னொன்றை எடுத்தான்.

"என்னங்க, அது அழுகிப் போயிருக்கு!"

குச்சி பாதியில் நின்றது. "ஆமாமா. எனக்கும் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு," என்றான். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ராத்திரி அவனுக்கு வயிறு போனதாகச் செய்தி வந்தது.

மூன்று நாள் கழித்து அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "இந்தப் புள்ள என்னமா பேசுது பாருடி! நாக்குன்னா நாக்கு!"

போனில் துயென் முட்டைக் காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி சொன்னான்: "இதில் ருசி என்று ஏதாவது இருந்தால், அது கடைக்காரரின் கட்டை விரலுடையது." அவள் சொன்னதேதான், கொஞ்சம் சலவை செய்து. அடுத்த வீடியோவில் நண்டு ரயிலில் போனது. அதற்கடுத்ததில் மாடு பென்ஷன் வாங்கியது. கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். காப்பிக்கடைக்காரனின் விரலை வெட்டச் சொல்லியும், அவன் தாயைப் பழித்தும் ஜனங்கள் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவன்கூட அந்தப் படியேறியிருக்க மாட்டான்.

தோவாவுக்குக் காது சூடேறியது. அவள் யாரையும் திட்டுவாள். முகத்துக்கு நேரே திட்டுவாள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்துவிட்டு விடுவாள். ஊரைக் கூட்டி ஒருத்தனைத் தெருவில் நிறுத்த அவள் தன் சொல்லை யாருக்கும் கடன் கொடுக்கவில்லை.

"ஏன்டி முகம் இப்படிப் போகுது? அறிவாளி மாப்பிள்ளைம்மா," என்றாள் அம்மா.

"அறிவாளியா? அவன் வாய் வெறும் ஒலிபெருக்கிம்மா."

ராத்திரி படுத்துக்கொண்டு அந்த நத்தையையும் இந்த வீடியோவையும் சேர்த்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க, கோபத்தைவிடப் பெரிதாக ஒரு சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் தாம் பெரியம்மா கடை; ஊருக்கே அவள் பெரியம்மா. வாத்தும் மூங்கில் குருத்தும் போட்ட நூடுல்ஸ் அங்கே விசேஷம். அதைவிட விசேஷம் தாம் பெரியம்மாவின் வாய். வருகிற ஒருத்தரையும் அவள் திட்டாமல் விடமாட்டாள். திட்டு வாங்கவே நகரத்தின் மறுகோடியிலிருந்து ஆள் வருவார்கள். துயென் அன்றைக்கு நேரலை வைத்திருந்தான்.

"என்னடா விளக்கு? எனக்குப் பிரசவமா பாக்கப் போற?" என்று அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள் அவள். "அடியே ஒல்லிக்குச்சி, அந்தப் பக்கம் நகந்து உக்காரு, வழியை அடைக்காத. ரெண்டு கிண்ணம்தானே? மூணாவது கேட்டா கரண்டி வரும்."

"கரண்டியைக் கழுவிட்டு அனுப்புங்க பெரியம்மா," என்றாள் தோவா.

தாம் பெரியம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "இவ பரவால்ல," என்று வாத்தை வெட்டப் போனாள்.

துயென் போனைத் தாங்கியில் மாட்டி வெளிச்சம் பார்க்க நடைபாதைக்குப் போனான். மேஜையில் அவனுடைய பனித்தேநீர் தம்ளர் இருந்தது. பக்கத்தில் மீன் சாஸ் புட்டி. இரண்டும் ஒரே பழுப்பு. தோவா அவசரப்படவில்லை. தேநீரில் பாதியைத் தரையில் கொட்டினாள். மீன் சாஸை எடுத்து விளிம்பு வரைக்கும் நிரப்பினாள். பனிக்கட்டி மேலே மிதந்தது. அடுத்த மேஜைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். தோவா உதட்டில் விரலை வைத்தாள்.

துயென் வந்து உட்கார்ந்தான். நேரலையை ஓடவிட்டான். "நண்பர்களே, சாப்பாட்டுக்கு முன்னாடி தொண்டையை நனைச்சுக்கலாம்," என்று தம்ளரைத் தூக்கினான். ஒரு மிடறு. இரண்டு மிடறு. தோவா அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்தாள்.

"ஆஹா! மெல்லிசா மல்லிகை வாசம். கடைசியில லேசா ஒரு இனிப்பு," என்றான் துயென்.

அடுத்த மேஜைக்காரன் மூக்கு வழியாக நூடுல்ஸைக் கக்கினான். கிண்ணத்தோடு வந்த தாம் பெரியம்மா அப்படியே நின்றாள்; மூக்கை விடைத்து மோந்து பார்த்தாள்; தம்ளரைப் பிடுங்கினாள்.

"அட எருமை மாடே! இது மீன் சாஸ்டா! முழுத் தம்ளர் மீன் சாஸ்! மல்லிகையாம்ல? உங்கொப்பன் நட்டு வச்சானா?"

கடை குலுங்கியது. துயென் போனை அணைக்கத் தேடினான். அவன் கை அணைக்கிற பொத்தானைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தட்டியது. கடைசியில் தோவாதான் கையை நீட்டி அணைத்தாள்.

வெளியே பைக் நிறுத்தியிருந்த மரத்தடியில் அவன் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தனை நாளா?" என்றாள் தோவா.

"ஊரெல்லாம் முகமூடி போட்டுச்சே, அந்தக் காய்ச்சல் வந்ததிலேர்ந்து. நாக்கு, மூக்கு, ரெண்டும் போச்சு. டாக்டருங்க வரும் வரும்னாங்க. வரல." தலையைத் தூக்கினான். "நீ பேசறப்ப மட்டும் எனக்கு ருசி தெரியற மாதிரி இருக்கும் தோவா. சத்தியமா. வாயில ஒண்ணுமே இல்ல, நீ சொன்னதும் ஏதோ வரும்."

அது பொய்யில்லை என்று பட்டது. தோவா ஒரு கணம் இளகினாள். முடிவே இல்லாமல் சுடுதண்ணீரை மென்றுகொண்டிருக்கும் ஒரு வாயை நினைத்துப் பார்த்தாள். அவன் தோளைத் தொடலாமா என்றுகூடக் கை தயங்கியது.

துயென் அவள் முகத்தைப் பார்த்தான், தைரியம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆயிட்டா தினம் ரெண்டு கடை பாக்கலாம். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நீ கேமராவுக்கு வரவே வேண்டாம், சட்டையில சின்னதா ஒரு மைக் மாட்டிக்கிட்டா போதும், என் காதுல கேட்டுடும்."

தயங்கிய கை திரும்பி வந்தது.

"உங்களுக்குப் பொண்டாட்டி வேண்டாம் துயென், வாடகை நாக்கு வேணும். கசாப்புக் கடையில கொக்கியில தொங்கும், மலிவாக் கிடைக்கும், போய்க் கேளுங்க."

"இவ்வளவு பேசறியே, நீ எப்பவாவது ஒரு கடையை நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?"

"இந்தக் கடை நல்லா இருக்கு. வாத்து ஆறுது, நான் போறேன்."

உள்ளே போய்த் தன் கிண்ணத்தைச் சாப்பிட்டாள். அவனுடையதையும் சாப்பிட்டாள். தாம் பெரியம்மா மூன்றாவது வேண்டுமா என்று கேட்டாள், கரண்டி இல்லாமல்.

அத்தோடு அவன் பிழைப்பு முடிந்தது என்றுதான் தோவா நம்பினாள். ஊரை அவள் சரியாக எடைபோடவில்லை. மறுநாளே துயென் ஒரு வீடியோ போட்டான். ருசி இழந்த கதையைக் கண்ணீர் ததும்பச் சொன்னான். குரல் உடைகிற இடத்தில் பின்னணியில் புல்லாங்குழல் வந்தது. ஏமாற்றியதைப் பற்றி அரை வாக்கியம், வலியைப் பற்றி மீதியெல்லாம். காப்பிக்கடைக்காரனைப் பற்றி மூச்சில்லை. ஜனம் உருகிப்போய்விட்டது. விரலை வெட்டச் சொன்ன அதே ஆட்கள் இதயப் பொம்மைகளை அள்ளி வீசினார்கள். பார்க்கிறவர்கள் இரண்டு மடங்கானார்கள். ருசியே தெரியாதவன் எந்தக் கடையில் சாப்பிடுகிறான் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் வரிசையில் நின்றார்கள். தாம் பெரியம்மா கடையில் சில கல்லூரிப் பசங்கள் "அந்தத் தேநீர்" கேட்க, அவள் உண்மையிலேயே கரண்டியை எடுத்துவிட்டாள் என்று கேள்வி.

"பாவம்டி, எவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்டான்," என்று அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல பையனைக் கோட்டை விட்டுட்டே."

"அழுகின நத்தையைத் தின்னுட்டு அடுத்ததை எடுத்தான்மா. பாத்தியா நீ? அது மாதிரிதான் அவனை இந்த ஊரு திங்குது."

அம்மாவுக்குப் புரியவில்லை. புரியவைக்கத் தோவாவும் மெனக்கெடவில்லை.

துயெனை நினைத்து அவள் ஒரு நாளும் ஏங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் எரிச்சலாக இருந்தது. தனியாகச் சாப்பிட உட்காரும்போது, முதல் வாய் உள்ளே போனதும், அருமையான ஒரு வசவு தானாக உருண்டு திரண்டு நாக்கு நுனிக்கு வரும். எதிர் முக்காலியில் கேட்க ஆள் இருக்காது. அப்படி ஒரு நாள் புளித்த விலாங்கு நூடுல்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவள், எழுந்து நேராகக் கடைக்காரனிடமே போனாள்.

"அண்ணே, இந்த விலாங்கு செத்ததுக்கு நீங்க காரணம் இல்லன்னு தெரியுது. ரொம்ப நாள் முன்னாடியே தானா செத்திருக்கு."

அவன் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினான். "பிடிக்கலன்னா எழுந்து போம்மா. உன் மூஞ்சியைப் பாத்துத்தான் சாறே புளிச்சுச்சு."

தோவாவுக்கு உடம்பெல்லாம் உற்சாகம் பரவியது. முக்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.